புரொஃபஷனல் பூல் போட்டிகளில் பிரேக் புள்ளிவிவரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய 9-பால் போட்டி ஒன்று முடிந்ததும் யாராவது ஒருவர் பிரேக் கணக்கைப் பகிர்வார். உடனே அதே சந்தேகங்கள் வரும்: இந்தச் சதவீதம் எதற்கு எது, அந்தப் போட்டியில் ஏன் வேறு எண், இவர் பிரேக் நிஜமாகவே மேலா? கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பெரும்பாலும் 9-பால் பற்றியது. 8-பால், 10-பால் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. பிரேக்னா ஸ்னூக்கர்ல 147 பிரேக்னு சொல்றாங்களே, அதுதானே?

இல்லை. ஸ்னூக்கரில் ஒருவர் ஒரே வருகையில் சேர்க்கும் புள்ளிகளின் கூட்டுத்தொகைக்குப் பெயர் பிரேக். பூலில் பிரேக் என்பது ராக் (ஒரு தனி ஆட்டம்; பந்து அடுக்குக்கும் இதே பெயர்) தொடங்கும் முதல் அடி. அடுக்கி வைத்த பந்துகளை வெள்ளைப் பந்தால் உடைப்பது. கேரம் போர்டில் நடுவில் அடுக்கிய காய்களை முதலில் கலைக்கிறோமே, அந்த அடிதான் இது.

9-பாலில் 1 முதல் 9 வரை பந்துகள் வைர வடிவில் நிற்கும். முனையில் 1, நடுவில் 9. எப்போதும் மேசையில் உள்ள சிறிய எண்ணை முதலில் தொட வேண்டும். 9-ஐ முறைப்படி போட்டவர் அந்த ராக்கை எடுத்துக்கொள்வார். 1-ஐ முதலில் தொட்டு பிரேக்கிலேயே 9 விழுந்தாலும் ராக் அவருக்கே. அதற்கு கோல்டன் பிரேக் என்று பெயர்.

2. ஒரு பிரேக்ல என்னத்தையெல்லாம் குறிச்சு வைக்கிறாங்க?

குறைந்தபட்சம் ஐந்து விஷயங்கள். யார் பிரேக் செய்தார்; எத்தனை பந்து விழுந்தது; வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்ததா அல்லது மேசையை விட்டுத் தாவியதா; அடுத்த அடி யாருக்குப் போனது; கடைசியில் ராக்கை யார் எடுத்தார். இவ்வளவு இருந்தால் பெரும்பாலான சதவீதங்களைப் பிற்பாடு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் பொறுமை இருப்பவர்கள் ஆறாவதாக ஒன்றையும் குறிப்பார்கள்: பிரேக் முடிந்ததும் மேசையில் உள்ள சிறிய பந்து கண்ணுக்குத் தெரிகிறதா, அதைப் போட வழி இருக்கிறதா. எங்கள் கணக்கில் எல்லாவற்றையும் விட உபயோகமான பத்தி இதுதான். ஆனால் பெரும்பாலான பட்டியல்களில் இது இருப்பதில்லை. பார்ப்பவரின் தீர்ப்பைச் சார்ந்தது என்பதால் தவிர்த்துவிடுகிறார்கள்.

3. வெற்றிகரமான பிரேக்னு எதைச் சொல்றீங்க? பந்து விழுந்தா போதுமா?

ஒரு பந்தாவது விழ வேண்டும், ஃபவுல் ஆகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் வெற்றி. மூன்று பந்து போட்டுவிட்டு வெள்ளைப் பந்தும் கூடவே உள்ளே போனால் அது தோல்வி. எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் எங்கு வேண்டுமானாலும் கையால் வைத்து ஆடுவார், விழுந்த மூன்று பந்தும் அவருக்கு வழிவிட்டதாகத்தான் ஆகும்.

எதுவும் விழாவிட்டால் அது டிரை பிரேக். அதிலும் குறைந்தது நான்கு பந்துகள் குஷனை (மேசையின் ஓரத் தடுப்பை) தொட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபவுல். முறையான டிரை பிரேக்கையும் ஃபவுலையும் ஒரே பத்தியில் போட்டுவிடுபவர்கள் உண்டு. போடாதீர்கள். இரண்டுக்கும் பிறகு ராக் போகும் போக்கே வேறு (கேள்வி 6 பாருங்கள்).

4. பிரேக் அண்ட் ரன்னா என்ன? எல்லாப் பந்தையும் போடணுமா?

பிரேக் செய்தவர் எதிராளிக்கு ஒரு அடி கூடத் தராமல் ராக்கை முடிப்பதுதான் பிரேக் அண்ட் ரன். கேரமில் முதல் வருகையிலேயே எல்லாக் காயையும் முடித்தால் வெள்ளை ஸ்லாம் என்கிறோமே, அதன் உறவுக்காரர்.

9-பாலில் எல்லாப் பந்தையும் போட வேண்டியதில்லை. 3-ஐத் தொட்டு 9-ஐ காம்பினேஷனில் போட்டு முடித்தாலும் பிரேக் அண்ட் ரன்தான். கோல்டன் பிரேக்கையும் இதில் சேர்ப்பதே வழக்கம். நாங்கள் சேர்த்துவிட்டு, அதில் கோல்டன் பிரேக் எத்தனை என்று பக்கத்தில் தனியாக எழுதுவோம். ஏனென்றால் அதில் ரன் என்று எதுவும் இல்லை.

5. ஒரே ஆளுக்கு ஒரு இடத்துல 23 சதவீதம், இன்னொரு இடத்துல 38 சதவீதம்னு போட்டிருக்கு. எது பொய்?

பொய் எதுவும் இல்லை. வகுக்கக் கீழே போட்ட எண் வேறு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம் (உதாரணத்துக்காக நாங்களே அமைத்த எண்கள், எந்த வீரருடையதும் அல்ல). மொத்தம் 200 பிரேக். அதில் 120 வெற்றி, 68 டிரை, 12 ஃபவுல். பிரேக் அண்ட் ரன் 46.

46-ஐ 200-ஆல் வகுத்தால் 23%. அதே 46-ஐ வெற்றி பெற்ற 120 பிரேக்கால் வகுத்தால் 38.3%. முதல் எண் பிரேக்கும் அதற்குப் பிந்தைய ஆட்டமும் சேர்ந்த மொத்த வலிமையைச் சொல்கிறது. இரண்டாவது, பந்து விழுந்த பிறகு மேசையை முடிக்கும் திறமையைச் சொல்கிறது. வர்ணனையாளர்கள் இரண்டையும் பிரேக் அண்ட் ரன் சதவீதம் என்றே சொல்லிவிட்டுப் போவார்கள். எதற்கு எத்தனை என்று எழுதாத சதவீதத்தைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவது உத்தமம்.

6. பிரேக் பண்றவருக்குத்தானே சாதகம்? அப்புறம் ஏன் பாதிக்குப் பாதிதான் ஜெயிக்கிறாங்க?

பலருக்கும் இதுதான் பெரிய ஆச்சரியம். புரொஃபஷனல் 9-பாலில் பிரேக் செய்தவர் ராக்கை எடுக்கும் வீதம் பொதுவாகப் பாதியை ஒட்டியோ, அதற்குக் கொஞ்சம் மேலோதான் நிற்கும். கேள்வி 5-இல் உள்ள உதாரணத்தையே நீட்டுவோம். வெற்றி பெற்ற 120 பிரேக்கில் 75 ராக் எடுத்தார் (62.5%). டிரை ஆன 68-இல் 26 (சுமார் 38%). ஃபவுல் ஆன 12-இல் 3 (25%). கூட்டினால் 104, அதாவது 52%.

பந்து விழுந்தால் கிடைக்கும் சாதகத்தை, விழாதபோது வரும் பாதகம் தின்றுவிடுகிறது. ஐந்து பிரேக்கில் இரண்டு எதிராளிக்கு மேசையைத் திறந்து கொடுத்துவிடுகிறது. அதுவும் அவர் ஒரு புரொஃபஷனல்.

இதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த வீரர் பயிற்சி செய்து 60% வெற்றி பிரேக்கை 70% ஆக்குகிறார் என்று வையுங்கள். டிரையிலிருந்து வெற்றிக்கு மாறும் ஒவ்வொரு பிரேக்கும் ராக் வெல்லும் வாய்ப்பைச் சுமார் 24 புள்ளிகள் கூட்டுகிறது. பத்தில் ஒன்று மாறினால் மொத்த வெற்றி வீதம் ஏறுவது சுமார் 2.4 புள்ளிதான். 9 வரை போகும் (முதலில் 9 ராக் எடுப்பவர் வெல்லும்) மேட்ச்சில் ஒருவருக்கு எட்டோ ஒன்பதோ பிரேக் கிடைக்கும். அப்படியானால் மேட்ச்சுக்கு 0.2 ராக் லாபம். சின்னதாகத் தெரியும். ஆனால் 9-8 என்று முடியும் மேட்ச்சுகள் நிறைய உண்டு.

7. பந்து விழுந்தும் ராக்கைக் கோட்டை விடுறாங்களே, ஏன்?

விழுந்தது ஒரு பந்து. மிச்சம் எட்டு. அடுத்துப் போட வேண்டியது மேசையில் உள்ள சிறிய எண் மட்டும்தான். அது வேறு பந்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், விழுந்த பந்தால் பெரிய பயன் இல்லை. அதனால்தான் கேள்வி 2-இல் அந்த ஆறாவது பத்தியைப் பற்றி அவ்வளவு பேசினோம்.

இப்படி மாட்டிக்கொண்டால் புஷ்-அவுட் என்று ஒரு வழி இருக்கிறது. பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும், எந்தப் பந்தையும் தொடாமல் வெள்ளைப் பந்தை வேறு இடத்துக்கு நகர்த்திவிடலாம். முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதன் பிறகு எதிராளி அங்கிருந்து ஆடலாம், அல்லது நீங்களே ஆடுங்கள் என்று திருப்பித் தரலாம். நல்ல பிரேக்கருக்கு மூன்று வேலை: பந்து விழ வேண்டும், வெள்ளைப் பந்து நடு மேசையில் அடங்கி நிற்க வேண்டும், 1-பந்து எங்கே போய் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். புள்ளிவிவரத்தில் முதல் வேலை மட்டும் ஏறும்.

8. வின்னர் பிரேக் வச்சா ஒருத்தரே அடிச்சிட்டுப் போயிடுவார், ஆல்டர்நேட் பிரேக்தான் நியாயம். சரிதானே?

வின்னர் பிரேக் என்றால் ராக்கை வென்றவரே அடுத்ததையும் பிரேக் செய்வார்; ஆல்டர்நேட் என்றால் இருவரும் மாறி மாறி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. ராமுவும் சோமுவும் 9 வரை ஆடுகிறார்கள், ராமு முதல் பிரேக். அவரவர் பிரேக்கில் ஜெயிக்கும் வாய்ப்பு ராக்குக்கு ராக் மாறாது என்றால், மேட்ச்சை ராமு வெல்லும் வாய்ப்பு இரண்டு முறையிலும் துல்லியமாக ஒன்றே.

காரணம் இது. ஆல்டர்நேட் முறையில் 17 ராக் முழுவதும் ஆடினால் ராமுவுக்கு 9 பிரேக், சோமுவுக்கு 8. வின்னர் பிரேக்கில் ராமு வென்றால் அவர் செய்த பிரேக் சரியாக 9: முதல் பிரேக் ஒன்று, கடைசி ராக்குக்கு முன் ஜெயித்த எட்டுக்கு எட்டு. சோமுவுக்கு அதிகபட்சம் 8. சோமு வென்றால் அவர் பிரேக் சரியாக 8, ராமுவுடையது 9-ஐத் தாண்டாது. மேட்ச் முடிந்த பிறகும் மிச்ச பிரேக்குகளை ஒப்புக்கு ஆடி 9, 8 என்று நிரப்பிவிட்டால், 17-இல் 9 எடுத்தவர் யாரோ அவரேதான் முன்பு வென்றவரும். வரிசை மாறியதே தவிர பிரேக் எண்ணிக்கை மாறவில்லை.

மாறுவது ஆட்டத்தின் தோற்றம். வின்னர் பிரேக்கில் 6-0 என்று ஒருவர் பறப்பதும், மற்றவர் திருப்பி அடிப்பதும் அதிகம் நடக்கும். மனிதர்கள் பகடைக் காய்கள் இல்லை என்பதும் உண்மை. நாற்காலியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து எழுந்தவரின் கை அதே கையாக இருக்காது. அந்த அளவுக்குத்தான் கணக்கு விலகும்.

9. அப்படின்னா ரெண்டு போட்டியோட பிரேக் வெற்றி சதவீதத்தை நேரா ஒப்பிடலாமே?

கூடாது. இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். பிரேக்கால் எந்தச் சாதகமும் இல்லாத ஒரு ஆட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். யார் பிரேக் செய்தாலும் ராமு 60% ராக் எடுப்பார், சோமு 40%. ஆல்டர்நேட் முறையில் பிரேக் செய்தவர் வென்ற வீதம் 60-க்கும் 40-க்கும் நடுவில், 50%.

அதே இருவர் வின்னர் பிரேக்கில் ஆடினால், ராமு அதிகம் ஜெயிப்பதால் அவரே அதிகம் பிரேக் செய்வார், நூற்றுக்குச் சுமார் அறுபது. பிரேக்கர் வென்ற வீதம்: 0.6 × 0.6 + 0.4 × 0.4 = 0.52. பிரேக்கில் ஒரு துளி சாதகம் இல்லாமலே 52% வந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் தரத்தில் இடைவெளி கூடக் கூட இந்தப் போலிச் சாதகமும் பெருகும். ஆகவே ஆரம்பச் சுற்றுகளில் எடுத்த வின்னர் பிரேக் கணக்கையும் இறுதிச் சுற்றுகளின் கணக்கையும் ஒரே குடத்தில் ஊற்றாதீர்கள்.

10. 1 ஸ்பாட்ல, 9 ஸ்பாட்லனு பேசிக்கிறாங்களே, நாலு இஞ்ச்ல என்ன மாறிடப் போகுது?

நிறைய. பழைய முறையில் ராக்கின் முனையில் உள்ள 1-பந்து ஃபுட் ஸ்பாட்டில் (ராக் வைக்க மேசையில் இட்ட குறி) நிற்கும். 9 அதிலிருந்து இரண்டு வரிசை பின்னால். பந்தின் விட்டம் 57.15 மி.மீ., வரிசைக்கு வரிசை இடைவெளி சுமார் 49.5 மி.மீ. ஆக 9-ஐ ஸ்பாட்டில் வைத்தால் மொத்த ராக்கும் சுமார் 99 மி.மீ. முன்னால் நகரும், கிட்டத்தட்ட நான்கு அங்குலம்.

1 ஸ்பாட்டில் இருந்து பந்துகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால், நடு வரிசையின் ஓரத்துப் பந்து (விங் பால்) மூலைப் பாக்கெட்டை நோக்கி நேராகப் போகும். தேர்ந்த கையில் அது ஏறக்குறைய நிச்சயமான பந்து. ராக்கை முன்னால் தள்ளியதும் அந்தப் பாதை பாக்கெட்டை விட்டு விலகி குஷனில் முட்டுகிறது. அதன் பிறகு வீரர்கள் 1-பந்தை நடுப் பாக்கெட்டுக்கு அனுப்பும் பிரேக்குக்கு மாறினார்கள். எனவே ஒரு வீரரின் பத்தாண்டுக் கணக்கைக் காட்டி பிரேக் சரிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், நடுவில் ஸ்பாட் மாறியதா என்று பாருங்கள்.

11. பிரேக் பாக்ஸ் எதுக்கு?

வெள்ளைப் பந்தை ஹெட் ஸ்ட்ரிங் கோட்டுக்கு (பிரேக் செய்பவர் பக்கம் மேசையின் கால் பகுதியைப் பிரிக்கும் கோடு) பின்னால் எங்கு வேண்டுமானாலும் வைத்து பிரேக் செய்யலாம் என்பது அடிப்படை விதி. பக்கவாட்டுக் குஷனை ஒட்டி வைத்து, 1-பந்தைச் சாய்வாக அடித்து, குறிப்பிட்ட ஒரு பந்தைத் தவறாமல் போடும் வித்தை பரவியது. அதை அடக்க நடுப்பகுதியில் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள்ளிருந்துதான் பிரேக் என்று சில போட்டிகள் கட்டுப்படுத்தின. பாக்ஸ் உள்ள போட்டியின் எண்ணை பாக்ஸ் இல்லாததோடு வைத்துப் பார்ப்பது வீண்வேலை.

12. மூணு பாயிண்ட் விதியில பந்து விழுந்தும் சான்ஸ் போயிடுதே, அதை எப்படிக் குறிக்கிறது?

விழுந்த பந்துகளும், ஹெட் ஸ்ட்ரிங் கோட்டுக்கு வந்து சேர்ந்த பந்துகளும் கூட்டினால் குறைந்தது மூன்று வர வேண்டும். இதுதான் அந்த விதி. ஒன்று விழுந்து இன்னும் இரண்டு கோட்டை எட்டினால் சரி. மெதுவாகத் தட்டி விங் பாலை மட்டும் போடுபவர்களை மடக்க வந்தது. நிறைவேறாவிட்டால் எதிராளி மேசையை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பிரேக் செய்தவரையே ஆட விடலாம்.

இதை வெற்றியிலும் சேர்க்காதீர்கள், டிரையிலும் சேர்க்காதீர்கள். தனிப் பத்தி போடுங்கள். பந்து விழுந்த பிரேக், ஆட்டத்தைத் தொடர உரிமை தந்த பிரேக் என்று இரண்டு எண்களாகப் பிரித்துக் காட்டினால் யாருக்கும் குழப்பம் இல்லை.

13. முக்கோணச் சட்டத்துல அடுக்கினா ஒண்ணு, பிளாஸ்டிக் ஷீட்ல அடுக்கினா ஒண்ணா? பந்து அதே பந்துதானே?

பந்து அதேதான், இடைவெளி வேறு. பந்துகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அடியின் விசை ஒரே சமயத்தில் பாய்ந்து, ஒவ்வொரு பந்தும் அதே பாதையில் திரும்பத் திரும்பப் போகும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கு ஒன்று இருந்தாலும் மோதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பாதை சிதறும். மெல்லிய டெம்ப்ளேட் ஷீட்டில் பந்துகள் தானாகவே உட்கார்ந்துகொள்வதால் இறுக்கம் ஒரே சீராகக் கிடைக்கிறது. முக்கோணச் சட்டத்தில் அடுக்குபவரின் கை, துணியில் விழுந்த பள்ளம், பந்தின் அழுக்கு எல்லாம் கணக்கில் வரும்.

யார் அடுக்குகிறார் என்பதும் முக்கியம். 1, 9 இரண்டுக்கும் இடம் நிலையானது. மிச்சம் ஏழு பந்துகளை 5040 விதமாக அடுக்கலாம். தானே அடுக்கி தானே பிரேக் செய்பவர், எளிதாக முடிக்கத் தோதாக 2, 3-ஐக் குறிப்பிட்ட இடத்தில் வைக்க முடியும். திட்டமிட்ட அமைப்பு கூடாது என்று விதி இருக்கிறது, கண்காணிப்பதுதான் கஷ்டம். அதனால் நடுவர் அடுக்கிய போட்டியா, வீரரே அடுக்கியதா என்று பட்டியலின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

14. பலமா அடிச்சா நிறைய விழும்தானே?

ஓரளவுக்குத்தான். புரொஃபஷனல்களின் கடினமான பிரேக் மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் இருக்கும். வேகம் கூடினால் பந்துகள் அதிகம் ஓடும், அதிகம் மோதும், தற்செயலாக விழும் பந்தும் கூடும். கூடவே வெள்ளைப் பந்து அடங்காமல் சுற்றி ஃபவுலும் கூடும். 1-பந்தில் மையத்தை விட்டு ஒரு மயிரிழை விலகினாலும், விலக்கத்தின் விளைவு வேகத்தோடு பெருகும்.

எதிர்ப் பக்கத்துக்கு உதாரணம் கோரி டியூல். மெதுவான பிரேக்கால் பெயர் பெற்றவர். 2001 யூ.எஸ். ஓபன் 9-பால் இறுதியில், அதே ஆண்டின் உலக சாம்பியன் மிகா இம்மோனனை 11-0 என்று வென்றார். ராக் இறுக்கமாக இருந்தால் வேகம் தேவையில்லை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அடிக்கத் தெரிந்தால் போதும் என்பதை எல்லோரும் அப்போது கண்கூடாகப் பார்த்தார்கள். மூன்று பாயிண்ட் விதி போன்றவை இந்தப் பாணிக்கு வந்த பதில்கள்.

15. நேத்து மேட்ச்ல பத்துக்கு ஏழு பிரேக் போட்டாரு. 70 சதவீதம்னு எழுதிக்கலாமா?

எழுதலாம், நம்பக் கூடாது. பத்துக்கு ஏழு என்றால் அவருடைய உண்மையான வீதம் சுமார் 40-இலிருந்து 89 வரை எங்கேயும் இருக்கலாம். 60% வீரரை எடுத்தால், 50 பிரேக்கில் பிழை வரம்பு இருபுறமும் சுமார் 14 புள்ளி. 200 பிரேக்கில் 7. 1000 பிரேக்கில் 3. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பிரேக் வேண்டும்.

இருவரை ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசம். ஒருவர் 200-க்கு 110, மற்றவர் 200-க்கு 120. 55%, 60%. இந்த ஐந்து புள்ளி வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டத்திலேயே சர்வசாதாரணமாக வரும். தவிர, ஒரே மேட்ச்சின் பிரேக்குகள் தனித்தனியானவை அல்ல. அன்றைய மேசையில் சரியான இடம் பிடிபட்டுவிட்டால் வரிசையாக விழும், பிடிபடாவிட்டால் வரிசையாக டிரை. அதனால் உண்மையான பிழை மேலே சொன்ன வரம்புகளை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

16. ஒருத்தர் தொடர்ந்து பதினோரு ராக் பிரேக் அண்ட் ரன் பண்ணினாராமே, நம்பலாமா?

நம்பலாம். 1996-இல் டாலஸில் நடந்த போட்டியில் ஏர்ல் ஸ்டிரிக்லண்ட். தொடர்ந்து பத்து ராக் முடித்தால் பத்து லட்சம் டாலர் என்று பரிசு அறிவித்திருந்தார்கள். அவர் பதினொன்றை முடித்தார். பரிசுப் பணம் தொடர்பாகப் பிறகு வழக்கே நடந்தது.

எவ்வளவு அரிது? ஒரு பிரேக்கில் முடிக்கும் வாய்ப்பு 35% என்று வைத்தால் தொடர்ந்து மூன்றுக்கு சுமார் 4.3%, ஐந்துக்கு அரை சதவீதம், பத்துக்கு 36,000-இல் ஒன்று. நல்ல நாளில் வாய்ப்பு 50%-ஐத் தொட்டால் பத்துக்கு 1024-இல் ஒன்று. இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பரிசு அறிவிப்பவர்கள் சராசரி நாளைக் கணக்கிடுகிறார்கள், பரிசை எடுப்பவர் சராசரி நாளில் வருவதில்லை. ஆல்டர்நேட் பிரேக்கில் இப்படியொரு தொடருக்கே இடமில்லை.

17. 8-பால், 10-பால் எண்களையும் இதோட சேர்த்துப் பார்க்கலாமா?

வேண்டாம். 10-பாலில் பத்து பந்து முக்கோணமாக நிற்கும், 9-பாலின் விங் பால் போல வசதியான பந்து அங்கே இல்லை. போடும் பந்தையும் பாக்கெட்டையும் அறிவித்து ஆட வேண்டும், பிரேக்கில் 10 விழுந்தால் வெற்றி இல்லை, எடுத்து மறுபடி ஸ்பாட்டில் வைப்பார்கள். ஆகவே கோல்டன் பிரேக் பத்தியே கிடையாது.

8-பாலில் பதினைந்து பந்து. ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு கூடுதல். விழுந்த பிறகும் தன் குழுவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருப்பதால், கேள்வி 7-இல் சொன்ன ஒளிந்த பந்துத் தொல்லை குறைவு.

18. டி.பி.ஏ. 900னு ஸ்கிரீன்ல காட்டுறாங்களே, அது பிரேக் கணக்கா?

இல்லை. பேட் ஃபிளெமிங்கின் அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனம் புழக்கத்தில் விட்ட அளவு அது, விரிவாக டோட்டல் பெர்ஃபாமன்ஸ் ஆவரேஜ். போட்ட பந்துகளை, போட்ட பந்துகளும் பிழைகளும் சேர்ந்த தொகையால் வகுப்பது. 54 பந்து, 6 பிழை என்றால் 54-ஐ 60-ஆல் வகுத்து .900. அந்த அளவைத் தொட்டால் உலகத் தரமான ஆட்டம் என்பார்கள். டி.பி.ஏ. உயரமாக இருந்தும் மேட்ச்சைத் தோற்றவரைக் கண்டால், பிரேக் பத்தியை எடுத்துப் பாருங்கள். பல சமயம் விடை அங்கேதான் இருக்கும்.

19. டிவி டேபிள் மேட்ச் மட்டும் பார்த்து எடுத்த கணக்கு போதுமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. ஒளிபரப்பு மேசைக்கு நட்சத்திர வீரர்களும் கடைசிச் சுற்றுகளும்தான் வரும். அந்த மேசையின் துணி பெரும்பாலும் புதிது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஆக அந்த எண்கள் அந்த மேசைக்கும் அந்த வீரர்களுக்கும் மட்டுமே. போட்டியின் மொத்தச் சராசரி என்று தலைப்பிட்டால் தவறு.

20. நானே வீடியோ பார்த்துக் கணக்கு எடுக்கணும். எங்கெல்லாம் தப்பு வரும்?

முதலில் தலைப்பில் ஏழு விவரம் எழுதுங்கள்: ஆட்ட வகை, எத்தனை ராக் வரை, வின்னரா ஆல்டர்நேட்டா, ஸ்பாட்டில் 1-ஆ 9-ஆ, பிரேக் பாக்ஸ் உண்டா, மூன்று பாயிண்ட் விதி உண்டா, எதில் யார் அடுக்கினார். பிறகு ராக்குக்கு ஒரு வரி. ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போய் ஒரு பிரேக் தவறிவிட்டால், அந்த வரியைக் காலியாக விடுங்கள். அடுத்த ராக்கின் ஸ்கோரை வைத்து ஊகித்து நிரப்பினால் வென்றவர் பெயர் சரியாக வரும், பிரேக் அண்ட் ரன்னா இல்லையா என்பது தெரியாது. அதுவே பட்டியலைக் கெடுத்துவிடும்.

சிக்கலான இடங்களில் எங்கள் வழக்கம் இது. பந்தைப் போட்டவர் புஷ்-அவுட் சொல்லி, எதிராளி திருப்பித் தந்து, பிறகு அவரே முடித்தால் பிரேக் அண்ட் ரன் ஆகாது. எதிராளி ஒரு அடியும் ஆடவில்லை, ஆனால் ஆடும் உரிமை அவர் கைக்குப் போய் வந்தது. சிலர் இதைச் சேர்ப்பார்கள். எது செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 9-உம் வெள்ளைப் பந்தும் சேர்ந்து விழுந்தால் கோல்டன் பிரேக் இல்லை, ஃபவுல். 9 மட்டும் ஸ்பாட்டுக்குத் திரும்பும், மற்றவை விழுந்ததாகவே இருக்கும். ராக் சரியில்லை என்று பிரேக்குக்கு முன்பே மறுபடி அடுக்கினால் அது பிரேக்கே அல்ல. கடைசி இரண்டு பந்து இருக்கும்போது எதிராளி கைகுலுக்கி விட்டுக்கொடுத்தால், ஆடிக்கொண்டிருந்தவர் முடித்ததாகவே எழுதலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு. வெற்றி, டிரை, ஃபவுல், மூன்று பாயிண்ட் தவறியவை நான்கும் கூட்டினால் மொத்த பிரேக் வர வேண்டும். மொத்த பிரேக் ஸ்கோர் பலகையின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும்: 9-6 என்றால் 15 வரி. வின்னர் பிரேக் மேட்ச் என்றால் கேள்வி 8-இல் சொன்னபடி, லேக் (முதல் பிரேக் யாருக்கு என்று முடிவு செய்யும் தொடக்க அடி) வென்று முதல் பிரேக் செய்தவரே 9-6 என வென்றிருந்தால் அவர் பெயரில் 9 பிரேக்கும் தோற்றவர் பெயரில் 6-உம் இருக்கும். தோற்றவர் முதல் பிரேக் செய்திருந்தால் 8-உம் 7-உம். இது ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு வரியில் பிரேக் செய்தவர் பெயர் மாறியிருக்கிறது.